நான்கு மில்லிவோல்ட்டும் பெரியப்பாவின் மைக்செட்டும்

சென்னிமலையில் எங்கள் வீட்டு முன்னறையில் புதிதாக வாங்கிய ரெக்கார்டு பிளேயரை முதன்முதலாக ஓடவிட்ட அன்று, ஸ்பீக்கரிலிருந்து வந்தது நாதஸ்வரம்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஒலி அளவைக் கூட்டும் திருகை முழுவதும் திருப்பிய பிறகும் காதருகே கொசு பறப்பதைப் போன்ற மெல்லிய கீச்சொலியே கேட்டது. தவிலின் வலந்தலை தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்க, தாழ்ந்த ஒலி தரும் அதன் மறுபக்கமான தொப்பி அடியோடு காணாமல் போயிருந்தது. பிளேயரில் குறையில்லை, இசைத்தட்டிலும் குறையில்லை. பெரியப்பாவின் பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 'கிராம்' என்று எழுதியிருந்த துளையில், அதன் பொருளை விசாரிக்காமல் நான் கம்பியைச் செருகியிருந்ததே குறை.

பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்செட் தொழில் நடத்தியவர். தைப்பூசத் தேருக்கும், சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கும், காதுகுத்துகளுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். கேசட் வரும் வரையில் அவருடைய முதலீடு முழுவதும் இசைத்தட்டுகளில்தான் இருந்தது. முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர்; அந்த நாளைய பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். சிறு நெம்பு ஒன்றைத் திருப்பினால் 78 சுற்றுத் தட்டுக்கு ஒரு முள்ளும், எல்.பி. தட்டுக்கு வேறொரு முள்ளும் கீழே வரும். நான் வாங்கியதிலோ ஆடியோ டெக்னிகாவின் ஏடி-விஎம்95இ என்னும் காந்தக் கார்ட்ரிட்ஜ் இருந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே வேலையைச் செய்வனவாகத் தெரிந்தாலும், அவற்றின் கம்பியில் வரும் மின்சாரம் அளவிலும் வேறு, தன்மையிலும் வேறு.

முதலில் அளவு. செராமிக் கார்ட்ரிட்ஜ் சில நூறு மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தரும். காந்தக் கார்ட்ரிட்ஜ், முள் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் அசையும்போது ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் மட்டுமே தரும். செராமிக் பிளேயருக்காக அமைந்த கிராம் துளை 200 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நான் கொடுத்தது அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இதுமட்டும் காரணமாக இருந்தால் ஒலி மெலிந்திருக்குமே தவிர, தொப்பி காணாமல் போயிருக்காது.

அதற்குக் காரணம் தன்மையில் உள்ள வேறுபாடு. தட்டை வெட்டும்போதே தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்த சுருதிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் தாழ்ந்த ஒலிகளுக்காகப் பள்ளங்கள் அகலமாக நெளிந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். உயர்ந்த ஒலிகளோ தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ என்ற வளைகோடுதான் இன்றுவரை பொது அளவுகோல். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும்: 1,000 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டால் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 17 டெசிபெல் கூட்டவும், 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 டெசிபெல் குறைக்கவும் வேண்டும். காந்தக் கார்ட்ரிட்ஜ் முள்ளின் வேகத்துக்கு ஏற்ப மின்சாரம் தருவதால் இந்தத் திருத்தம் முழுவதும் அதற்குத் தேவைப்படுகிறது. செராமிக் கார்ட்ரிட்ஜ் முள் எவ்வளவு தூரம் அசைகிறது என்பதற்கு ஏற்ப மின்சாரம் தருகிறது. அதனால் அந்தத் திருத்தத்தின் பெரும்பகுதி அதன் இயல்பிலேயே நடந்துவிடுகிறது. பெரியப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்குத் திருத்தும் வேலை என்றுமே இருந்ததில்லை. நான் கேட்டது தட்டில் வெட்டியபடியே இருந்த, திருத்தப்படாத ஒலி.

இதையெல்லாம் நான் வரைபடம் போட்டு விளக்க முயன்றபோது பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கெணத்துல ஊத்து எவ்வளவுன்னு பாக்காம மோட்டார் எறக்குனா இப்படித்தானுங் கண்ணு ஆகும்" என்றார். எங்கள் பக்கத்தில் ஊற்றுக்கு மிஞ்சிய மோட்டாரை இறக்கிக் காயில் கருகவிட்டவர்களும் உண்டு, ஆழத்துக்குப் போதாத மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று காத்துக்கிடந்தவர்களும் உண்டு. கார்ட்ரிட்ஜைப் பற்றி நான் பின்னால் கற்ற எதுவும் இந்த ஒரு வாக்கியத்துக்கு வெளியே போகவில்லை. எந்தக் கார்ட்ரிட்ஜ் நல்லது என்று எவராவது கேட்டால், அதை எதில் செருகப்போகிறீர்கள் என்றுதான் நான் இப்போது திருப்பிக் கேட்கிறேன்.

தேவைப்பட்டது போனோ ப்ரீஆம்ப் எனப்படும் சிறு பெட்டி. 4 மில்லிவோல்ட்டை 400 மில்லிவோல்ட்டாக, அதாவது நூறு மடங்காக, பொறியாளர் கணக்கில் 40 டெசிபெல் பெருக்கி, ஆர்ஐஏஏ திருத்தத்தையும் செய்து கொடுத்துவிட்டால் பிறகு எந்த ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' துளையிலும் செருகலாம். இணையத்தில் மிக மலிவாக, 5 வோல்ட் செல்போன் சார்ஜரில் ஓடும் ஒன்றை வாங்கினேன். தொப்பி திரும்பி வந்தது. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும் இடங்களில் சீவாளி பிளந்ததுபோல் ஒரு கரகரப்பு வருவதைக் கவனித்தேன். முள் தேய்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன், ஆனால் அது புது முள்.

கணக்குப் போட்டபோது விடை கிடைத்தது. 5 வோல்ட்டில் ஓடும் சுற்று வெளியே தரக்கூடிய அலை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒன்றரை வோல்ட்டுக்குள்தான். நூறு மடங்கு பெருக்கும் பெட்டியில் அது, உள்ளே 15 மில்லிவோல்ட் வந்தவுடனே முட்டிக்கொள்கிறது. கார்ட்ரிட்ஜின் 4 மில்லிவோல்ட் என்பது ஓர் அளவீட்டுப் புள்ளிதானே தவிர உச்சம் அன்று; தட்டில் உரத்த இடங்கள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு எளிதில் போகும். பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட்டில் ஓடும் சுற்றாக இருந்தால் 1,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் வரைக்கும் தாங்கும். இதில் விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. கல்யாண வீடுகளில் ஓடி ஓடிக் கீறல் விழுந்த தட்டுகளில் ஒவ்வொரு கீறலும் இசையைவிடப் பல மடங்கு பெரிய மின்துடிப்பாக உள்ளே வருகிறது. இடம் போதாத ப்ரீஆம்ப் அந்த ஒவ்வொரு கீறலிலும் முட்டி, மீண்டு வருவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால், 'டிக்' என்று முடிய வேண்டியது 'டப்' என்று நீள்கிறது. புதுத் தட்டுகளை மட்டும் கேட்பவர்களைவிடப் பழைய தட்டுகளைக் கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கே தாராளமான ப்ரீஆம்ப் அதிகம் தேவை என்பது என் உறுதியான கருத்து. நான் பிறகு என்இ5532 ஐசியை வைத்து, பிளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் ஓடும் ஒன்றை நானே பற்றவைத்துச் செய்துகொண்டேன். அதே தட்டில் பாதிக் கீறல் குறைந்ததுபோல் தோன்றியது.

நண்பர்கள் சிலர் செய்யும் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல ப்ரீஆம்ப்களில் எம்எம் (மூவிங் மேக்னட், என்னுடையது போன்ற காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு), எம்சி (மூவிங் காயில், இன்னும் குறைந்த மின்னழுத்தம் தரும் வகைக்கு) என்று ஒரு மாற்றுப்பொத்தான் இருக்கும். சிடியைவிட ரெக்கார்டு மெதுவாகக் கேட்கிறது என்று அதை எம்சி பக்கம் தள்ளிவிடுகிறார்கள். ஆயிரம் மடங்கு பெருக்கும் அந்த நிலையில் நல்ல சுற்றுக்கூட 9 மில்லிவோல்ட்டில் முட்டும். மெதுவாகக் கேட்டால் ஆம்ப்ளிஃபயரின் திருகைத் திருப்புவதுதான் முறை.

அடுத்து வந்த சிக்கல்தான் எனக்கு அதிகப் பாடம் கற்பித்தது. பிளேயரைச் சன்னலோரத்திலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டியிருந்ததால், கோயம்புத்தூரில் ஒரு கடையில் மூன்று மீட்டர் நீளக் கம்பி கேட்டேன். "சார், இது ஆடியோவுக்கே போடற கம்பி" என்று தடிமனான ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிய பின் வயலின் கூர்மையாகிக் காதைக் குத்தியது. பாடகர்களின் 'ச', 'ஸ' எல்லாம் சீறின. ஆனால் அதற்கும் மேலே உள்ள நுண்ணிய ஒலிகள், ஜாலராவின் ஓசை அடங்கும்போது மிஞ்சும் அந்த மினுமினுப்பு, மங்கிவிட்டன. ஒரே நேரத்தில் கூர்மையும் மங்கலும் எப்படி வரும் என்று குழம்பினேன்.

காந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது சுருள். விஎம்95இ சுருளின் தூண்டல் 550 மில்லிஹென்றி. அதன் கம்பியும் ப்ரீஆம்பின் வாசலும் (கம்பி உள்ளே நுழையும் இடம்) சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன. சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஏதோ ஒரு சுருதியில் ஒத்ததிர்வு உண்டாகும். அந்த இடத்தில் ஒலி மேடாக எழுந்து, அதைத் தாண்டியதும் பள்ளத்தில் சரியும். மேடு காதுக்குக் கூர்மையாகவும், அதற்கப்பால் உள்ள சரிவு மங்கலாகவும் கேட்கிறது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கெப்பாசிட்டர் அளவு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை. முள்ளைத் தாங்கும் சிறு குழலுக்கும் ஓர் இயல்பதிர்வு உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் அவர்கள் இந்த எண்ணைத் தீர்மானித்திருப்பார்கள்.

கெப்பாசிட்டர் அளக்கக்கூடிய மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். கம்பியின் இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும். பிளேயரின் கம்பியை அளப்பதானால் கார்ட்ரிட்ஜையும் கழற்ற வேண்டும், இல்லையென்றால் மீட்டர் சுருளைக் கண்டு ஏமாந்துபோகும். மீட்டரின் கம்பிகளுக்கே உள்ள அளவை முதலில் குறித்துக் கழித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்தவை இவை: பிளேயரின் கைக்குள் ஓடும் கம்பியும் அதோடு வந்த கம்பியும் சேர்ந்து 120, கடைக்காரர் கொடுத்த கம்பி மீட்டருக்கு 110 வீதம் மூன்று மீட்டருக்கு 330, என் ப்ரீஆம்பின் வாசலில் நானே வைத்திருந்த கெப்பாசிட்டர் 220. ஆக மொத்தம் 670 பிகோஃபாரட். 550 மில்லிஹென்றியோடு இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 8,300 ஹெர்ட்ஸில் வருகிறது. ப்ரீஆம்பின் வாசலில் உள்ள 47 கிலோ ஓம் தடை எவ்வளவோ அடக்கியும் மேட்டின் உயரம் கணக்கின்படி 4 டெசிபெல்லுக்கு மேல். சீறலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிளேயரின் பக்கத்திலேயே ப்ரீஆம்பை வைத்துவிட்டு, நீளக் கம்பியை ப்ரீஆம்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாற்றினேன். அந்தப் பக்கம் அலை பெரிதாகவும், அதைத் தள்ளும் ஐசி வலுவாகவும் இருப்பதால் 330 பிகோஃபாரட் அங்கே ஒரு பொருட்டே அன்று. வாசலில் இருந்த 220-ஐ எடுத்துவிட்டு 47 வைத்தேன். இப்போது மொத்தம் 167. ஒத்ததிர்வு 16,600 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது, மேடு அரை டெசிபெல்கூட இல்லை. செலவு சில ரூபாய். இதே தொகைக்குப் புது முள்ளின் பெட்டியைக்கூட வாங்க முடியாது என்பதை, முள்ளை மாற்றினால் சீறல் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கூடுதலாகச் சிறு துண்டுக் கம்பி தேவைப்பட்டால், கேபிள் டிவிக்காரர் மாடியில் சுருட்டி விட்டுப்போகும் ஆர்ஜி-6 கம்பியே போதும். மீட்டருக்கு 55 பிகோஃபாரட்டுக்கு அருகில்தான் இருக்கும். விறைப்பாக இருப்பதால் அரை மீட்டருக்கு மேல் வைத்துக்கொண்டால் பிளேயரையே இழுத்துக்கொண்டு வரும்.

எல்லாக் கார்ட்ரிட்ஜுக்கும் இதே எண் என்று எண்ணிவிட வேண்டாம். ஆர்ட்டோஃபானின் 2எம் ரெட் 700 மில்லிஹென்றிச் சுருள் கொண்டது; 5.5 மில்லிவோல்ட் தருவது. 150 முதல் 300 பிகோஃபாரட் வரை கேட்பது. ஷூர் எம்97எக்ஸ்இ இன்னும் வைத்திருப்பவர்கள் 200-க்கும் 300-க்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம். என் இப்போதைய 167 அதற்குக் குறைவு. இதனால்தான் ஒருவர் வீட்டில் இனிக்கும் கார்ட்ரிட்ஜ் இன்னொருவர் வீட்டில் புளிக்கிறது. விமரிசனம் எழுதுகிறவர்கள் தங்கள் கம்பியின் அளவை எழுதாதவரை, 'இது பளிச்சென்று ஒலிக்கும்', 'அது இதமாக ஒலிக்கும்' போன்ற சொற்களை நான் பாதிதான் நம்புகிறேன்.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜைச் சில வாரங்கள் என்னிடம் கொடுத்துவைத்தார். 1960-களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவாக்கப்பட்ட இது இன்றும் விற்கப்படுகிறது. இது மூவிங் காயில் வகை: காந்தம் நிலையாக நிற்க, முள்ளோடு சேர்ந்து சுருள் அசைகிறது. அசைய வேண்டிய சுருள் என்பதால் அது சிறிது; அதனால் கிடைக்கும் மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட்தான். என் ப்ரீஆம்பில் நேராகச் செருகினால் வெளியே வருவது 30 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயரை முழுவதும் திறந்தால் பாட்டோடு மழை பெய்யும் இரைச்சலும் கேட்கும். இதற்கு இன்னும் பத்து மடங்காவது பெருக்கம் வேண்டும். சுருள் சிறியதாக இருப்பதால் பிகோஃபாரட் தொல்லை இதற்கு இல்லை என்பது ஓர் ஆறுதல். இங்கே பார்க்க வேண்டியது ஓம் கணக்கு.

நண்பர் கார்ட்ரிட்ஜோடு ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரையும் கொடுத்திருந்தார். அதில் ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு இருபது என்று இரண்டு நிலைகள். பத்து மடங்கு பெருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ப்ரீஆம்பின் 47 கிலோ ஓமைக் கார்ட்ரிட்ஜுக்கு நூறில் ஒரு பங்காக, 470 ஓமாகக் காட்டும். இருபது மடங்கு என்றால் நானூறில் ஒரு பங்கு, அதாவது 118 ஓம். கார்ட்ரிட்ஜின் உள் தடை 40 ஓம் என்பதால், 118 ஓமில் அதன் மின்சாரத்தில் கால் பங்கு உள்ளேயே செலவாகிவிடுகிறது. ஆகவே இருபது மடங்கில் கிடைப்பது 6 அல்ல, ஏறத்தாழ 4.5 மில்லிவோல்ட், பத்து மடங்கில் ஏறத்தாழ 2.8. இரண்டும் ஏற்கத்தக்கவையே. இருபது மடங்கு நிலை முதல் கேட்பில் அபாரமாக இருந்தது. பிறகு ஒலி அளவைச் சமப்படுத்திவிட்டுக் கேட்டபோது அந்த அபாரத்தில் பெரும்பகுதி வெறும் சத்தம்தான் என்று தெரிந்தது. 4 டெசிபெல் கூடினால் எதுவும் இனிக்கும். சமப்படுத்திய பின் எனக்குப் பத்து மடங்கே சற்று விரிந்து கேட்டது. நண்பருக்கு இருபதுதான் பிடிக்கும். இந்த இடத்தில் காதுக்குக் காது மாறலாம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். பிகோஃபாரட் கணக்கில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊரெல்லாம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்களே, இந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்ற முடியாதா என்று பெருந்துறையில் ஒரு பட்டறையில் கேட்டேன். கையில் வாங்கிப் பார்த்த மேஸ்திரி, "இதுக்குள்ள ஓடற கரண்டு எங்க கையில இருக்கற வேர்வைக்கே ஓடிருமுங்க" என்றார். உள்ளகமும் காப்புறையும் தனி உலோகக் கலவையில் இருக்க வேண்டும் என்பதால் அவர் சொன்னது விளையாட்டு என்றாலும் முடிவு சரிதான். டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம், தனி எம்சி ப்ரீஆம்பும் வேண்டாம் என்பவர்களுக்கு 1.6 மில்லிவோல்ட் தரும் டிஎல்-110 போன்ற உயர் வெளியீட்டு மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்கள் உண்டு. அவற்றை 47 கிலோ ஓம் வாசலிலேயே செருகலாம்.

இவ்வளவு பெருக்கும்போது வேண்டாததும் சேர்ந்து பெருகும். பிளேயரிலிருந்து வரும் தனி எர்த் கம்பியை ப்ரீஆம்பின் திருகில் மட்டும் மாட்ட வேண்டும். நான் அதைச் சுவர் பிளக்கின் எர்த்திலும் சேர்த்து மாட்டியதால், கம்பி ஒரு வளையமாகி 50 ஹெர்ட்ஸ் முனகல் எழுந்தது. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிட்டதோ என்று கரியும் உப்பும் போட்ட குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் காரணம் குழியில் இல்லை, என் முடிச்சில் இருக்கிறது என்று தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஓரடி தள்ளி, சற்றுத் திருப்பி வைத்ததும் மிச்சமிருந்த முனகலும் அடங்கியது.

பக்கத்து வீட்டில் விசைத்தறிகள் ஓடுகின்றன. நாடா அடிக்கும் ஒவ்வொரு அடியும் தரை வழியாக மேசைக்கு வந்து, முள்ளைத் தொட்டு, ஆர்ஐஏஏ திருத்தத்தில் மேலும் பெருகிவிடும். 20 ஹெர்ட்ஸில் அந்தத் திருத்தம் 19 டெசிபெல் கூட்டுகிறது. காதுக்கு எதுவும் கேட்காது, ஆனால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மூச்சு வாங்குவதுபோல் உள்ளும் புறமும் போய்வருவது கண்ணுக்குத் தெரியும். 1976-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்பத் தர அமைப்பான ஐஈசி இதற்காகவே 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. தட்டை வெட்டும்போது இல்லாத ஒன்றைக் கேட்கும்போது சேர்ப்பது தவறு என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். தறிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நான் ஒதுக்கவில்லை. அதோடு, காற்று குறைவாக அடைத்த சைக்கிள் டியூப்பின் மேல் ஒரு கடப்பைக் கல்லை வைத்து, அதன் மேல் பிளேயரை வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் பெரியப்பாவின் பழைய பிளேயருக்கு வார் மாற்றி, செராமிக் கார்ட்ரிட்ஜின் இணைப்புகளைத் துடைத்து, அதே மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் அதே கிராம் துளையில் செருகினேன். ஒரு மெகா ஓமுக்குக் குறையாத அந்த வாசல் இதற்காகவே அமைந்தது. தொப்பி முதல் அடியிலேயே வந்துவிட்டது. அதே செராமிக் கார்ட்ரிட்ஜை என் 47 கிலோ ஓம் ப்ரீஆம்பில் செருகியிருந்தால் அதன் ஒலியும் கெட்டு, பெட்டியும் முட்டியிருக்கும். பெரியப்பா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். என்னுடைய ப்ரீஆம்பையும், கடப்பைக் கல்லையும், டியூப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுக்கு இத்தனையும் வேண்டியதில்லையே கண்ணு" என்றார். அந்தப் பிளேயரின் முள் தட்டின் மேல் என்ன எடையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் அளந்து பார்த்தேன்: 6 கிராம். என் விஎம்95இ உட்காருவது 2 கிராமில். என் தட்டுகளை அதில் போடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.